கீழே இறங்கிய கட்டடம்

பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று என் டீக்கடை மேல் வந்து உட்காரப்போகிறது என்று முழுசாக நம்பினேன். அதில் ஒரு மாடிகூட அப்போது எழும்பியிருக்கவில்லை. அதற்கே அந்த நடுக்கம்.

எண்பதுகளின் தொடக்கம். கொடைக்கானலில் ஏரிக்குப் போகும் ரோட்டோரம், மதுரை முதலாளி ஒருவர் மலையிலேயே உயரமான ஹோட்டல் கட்ட ஆரம்பித்திருந்தார். அதற்கு நேர் கீழே, சரிவில், என் வாடகைக் கடை. மேலே வேலை நடந்தால்தான் கீழே டீ ஓடும். ஆனால் மழை விடவில்லை. சிமெண்டு மூட்டைக்குள்ளேயே கல்லானது. மண்ணில் பிடிமானம் இல்லையென்று இன்ஜினியர் வந்து வந்து போனார். தூண் கம்பிகள் மட்டும் மூடுபனியில் துருவேறி நின்றன.

ஒருநாள் வெள்ளனே கொத்தனார் வந்தார். "கட்டடம் எப்பத்தான் மேல போகும்?" என்று கேட்டேன்.

"மேல எங்கண்ணே போகுது? கீழல்ல எறங்குது! ஒங்க கடை வரைக்கும் வந்துரும்." டீயைக் குடித்துவிட்டு நிதானமாக மேலே ஏறிப்போனார்.

கொதிக்கிற பாய்லரைத் துண்டால் கட்டிப்பிடித்துக்கொண்டு எதிர்ச்சரிவுக்கு ஓடினேன். பிறகு பிஸ்கட் பாட்டில்கள், பெஞ்சு. சாமி படம் கடைசியில்தான் நினைவுக்கு வந்தது.

என் மனைவி வாசலில் நின்று சொன்னாள்: "கட்டடம் எறங்குற சத்தத்தக் காணோம். நீங்க எறங்குற சத்தந்தான் ஏரி வரைக்கும் கேக்குது."

அடுத்த டீக்கு வந்த கொத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணே, பிளான மாத்திட்டாங்க. ரோட்டுக்கு மேல ரெண்டு மாடி, மிச்சமெல்லாம் சரிவுல படிப்படியா கீழ. அதத்தான் சொன்னேன்."

நானும் அந்த ஊர்ப் பேச்சுக்காரன்தான். ரோட்டில் வாசல், கீழே இறங்கினால் அடுப்படி. மலையில் பாதி வீடுகள் அப்படித்தான்; அதை ‘வீடு கீழ எறங்குது’ என்றுதான் நாங்களும் சொல்வோம். பயம் வந்ததும் சொந்தப் பாஷையே புரியாமல் போய்விட்டது. சிரித்துக்கொண்டே பெஞ்சைத் தூக்கி வந்து போட்டேன்.

"கடை வரைக்கும் வரும்ன்னீங்களே, அப்ப கடை எங்க போகும்?" என்று மனைவி கேட்டாள்.

கொத்தனார் கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார். அந்தக் கேள்வி எனக்கல்லவா வந்திருக்க வேண்டும்? ஓடுகிற மும்முரத்தில் எனக்குத் தோன்றவேயில்லை.

தை மாதம் இடத்துக்காரர் நிலத்தை ஹோட்டலுக்கு விற்றார். கடையைப் பள்ளங்கி கிராமத்துக்குப் போகும் வழிக்கு மாற்றினேன். கட்டடம் இரண்டு மாடி கீழே இறங்கியதோடு நின்றுபோனது. என் கடை இருந்த இடத்துக்கு அது வந்து சேரவே இல்லை.