தாடை எலும்பில் மூன்று புரி

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். மழைமானியில் ஒன்றும் இல்லை. வெந்நீரில் முகம் கழுவி, பல் விளக்கி, சிறிய தூரிகையால் பல்லிடுக்குகளைச் சுத்தம் செய்தேன். 5.30க்கு இஞ்சி போட்ட பிளேன்டீ, இரண்டு பிஸ்கட். 6 மணிக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் போகும் பேச்சுச் சத்தம் கேட்டது. 6.40க்கு நானும் மனைவியும் பொகவந்தலாவைக்கு இறங்கி ஹட்டன் பஸ் ஏறினோம்.

அன்றைய டயரியில் இவ்வளவும் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் பெரிய கிளாக்கர். இருபத்து மூன்று வருடமாக ஒரு நாள் விடாமல் டயரி எழுதுகிறேன். மழை எத்தனை மில்லிமீற்றர், கரண்ட் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தது, எல்லாம் இருக்கும். புகையிலை என்ற சொல் மட்டும் ஓர் இடத்திலும் இல்லை.

பிளேன்டீ குடித்ததும் சுண்டுவிரல் நகமளவு புகையிலைத் துண்டொன்றைக் கீழ்த்தாடையில் வலது பக்கம், ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒதுக்குவேன். பகல் சோற்றுக்குப் பின் ஒன்று, மாலையில் ஒன்று. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு கிடையாது. அதனால் வாய் சிவக்காது. எச்சிலை விழுங்கவும் பழகிக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் வெற்றிலை போட்ட வாயோடு ஆபீசுக்குப் போனேன். அப்போதிருந்த பெரிய கிளாக்கர் எல்லார் முன்னாலும், "தம்பி, லயத்து வாய லயத்துலயே விட்டுட்டு வாங்க. போய்க் கழுவுங்க" என்றார். தொழிலாளர்களின் வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம். அன்றோடு வெற்றிலையை விட்டேன். புகையிலையை விட முடியவில்லை. மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாத மாதிரி அதை வைத்துக்கொள்ளத்தான் கற்றுக்கொண்டேன்.

வலது கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று பிளந்து, பிடுங்க வேண்டியதாயிற்று. அந்த இடத்தில் ஹட்டனில் ஒரு பெண் பல் டொக்டர் தாடைக்குள் டைட்டேனியம் திருகு ஒன்றைப் பதித்து, மூன்று மாதம் ஆறவிட்டு, அதன்மேல் பல் கட்டினார். என்னை விடப் பத்து வயதாவது இளையவர். தமிழ் தெரியாது. நாங்கள் பேசியதெல்லாம் சிங்களத்தில்தான்.

முதல் நாளே எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். தாடை எலும்பு ரோஸ் பாண் ரொட்டி மாதிரி என்றார். வெளியே கெட்டியான ஓடு, உள்ளே துளைத் துளையாகப் பஞ்சு. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையில் மெல்லிய நார்கள் இருக்கும். திருகுக்கு அது இல்லை. எலும்பே வளர்ந்து உலோகத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பிடி ஒன்றுதான் அதற்கு ஆதாரம். பிறகு படிவத்தை எடுத்து, சிகரட் குடிப்பீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. அடுத்து, "புலத் கனவாத?" என்றார். வெற்றிலை சாப்பிடுவீர்களா என்று அர்த்தம்.

"நே" என்றேன். இல்லை.

வெற்றிலை நான் போடுவதில்லைதானே. அவர் புகையிலையையும் சேர்த்துத்தான் கேட்கிறார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கேட்ட சொல்லுக்குச் சரியான பதில் சொல்லிவிட்டதாக எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. ஆபீசில் இருபது வருடம் படிவம் நிரப்பியவனுக்கு வரும் கெட்டிக்காரத்தனம் அது. புகையிலையை நிறுத்திவிட்டதாக வீட்டில் மனைவியிடம் சொன்னேன். பல் கட்டும்வரை நிறுத்தியது உண்மை. கட்டிய மறுவாரமே பழைய இடத்தில் பழையபடி வைத்தேன்.

பரிசோதனைக்குப் போன அந்தச் செவ்வாய்க்கிழமை டொக்டர் புதிய எக்ஸ்ரேயையும் பழையதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மனைவி வெளியே உட்கார்ந்திருந்தாள். பழைய படத்தில் திருகு கழுத்துவரை எலும்புக்குள் இருந்தது. புதியதில் இரு பக்கமும் எலும்பு கிண்ணம் போலக் குழிந்து கீழே இறங்கியிருந்தது. திருகின் மேல் மூன்று புரிகள் வெறுமையாகத் தெரிந்தன. மலைச்சரிவில் மண் அரித்து வேர் தெரிய நிற்கும் தேயிலைச் செடியைப் பார்ப்பது போல இருந்தது.

கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தவர், "கன்னத்துக்கு உள்ளே இந்த இடம் வெளுத்துச் சுருங்கியிருக்கிறதே. கன்னத்தைக் கடிக்கும் பழக்கம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். இதற்குக் கேட்ட சொல்லைச் சாக்காகக் காட்ட வழியில்லை. சுத்தமான பொய்.

கையுறையைக் கழற்றிவிட்டு அவர் என் எதிரே உட்கார்ந்தார். "நீங்கள் சுத்தமாக வைத்திருக்கிறீர்கள். சிகரட் இல்லை, வெற்றிலை இல்லை, இரத்தத்தில் சீனி வருத்தம் இல்லை. அப்படியென்றால் தவறு என் பக்கம்தான் இருக்க வேண்டும். பல்லை ஒட்டும்போது சிமெந்து கொஞ்சம் ஈறுக்குக் கீழே தங்கியிருக்கலாம். அது தங்கினால் எலும்பு இப்படிக் கரையும். அதே மாதம் இன்னும் இரண்டு பேருக்குக் கட்டினேன். அவர்களையும் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். மாத்தயா, என்னை மன்னிக்க வேண்டும்" என்றார்.

வாயைத் திறந்து சொல்ல அதை விட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நான் சொன்னது, "கமக் நே, டொக்டர்." பரவாயில்லை. அதைச் சொன்ன குரல்கூட நினைவிருக்கிறது. பெருந்தன்மையான குரல்.

இரண்டு வாரத்தில் ஈறைத் திறந்து சுத்தம் செய்யலாம், எலும்பு மேலும் இறங்கினால் திருகைக் கழற்றத்தான் வேண்டும் என்றார். வீங்கினால் உடனே சொல்லும்படி தன் தொலைபேசி இலக்கத்தை எழுதித் தந்தார்.

பஸ்ஸில் மனைவி கேட்டாள். சிமெந்து கதையைச் சொன்னேன். டொக்டரே ஒத்துக்கொண்டதையும் சொன்னேன். நோர்வூட் தாண்டுவதற்குள் அது பக்கத்து சீட்டுக்குப் போய்விட்டது. அங்கே எங்கள் தோட்டத்துக் கீழ்க்கணக்குப் பிரிவைச் சேர்ந்த ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார்.

"பல்லு கட்டப் போனா தாடையில குழி பறிச்சு வச்சிருக்காங்க, அக்கா" என்றாள் மனைவி.

"ஐயாவுக்கே இப்படின்னா நம்மள என்ன பண்ணுவாங்க?"

"கை சரியில்ல. படிச்சு என்ன பண்ண?"

"எங்க மாமியாளுக்கு ஒரு பல்லும் கெடையாது. வாய்க்கு ஒரு கொறச்சலும் இல்ல. பேசாம எல்லாத்தையும் புடுங்கிடச் சொல்லுங்க ஐயாவ."

முன் சீட்டிலிருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அக்கரப்பத்தனையில் படிப்பிக்கும் தன் தங்கைக்குப் போன் எடுத்தாள். தங்கைக்கு முன்பல் ஒன்று விழுந்து, பிள்ளைகள் முன்னால் வாயைப் பொத்திப் பொத்திப் பேசிக்கொண்டிருந்தாள். அதே டொக்டரிடம் சனிக்கிழமைக்கு நேரம் எடுத்திருந்தாள். அவளை அனுப்பியதே நான்தான். "நீ அங்க போகாத புள்ள. மச்சானுக்கு எலும்பே கரைஞ்சு போச்சு. வேற யாரையாச்சும் பாத்துக்கலாம்" என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் குவாட்டர்ஸுக்குப் பின்னால் விறகு அடுக்கியிருக்கும் பக்கம் போனேன். மணி 5.20. சட்டைப்பைக்குள் மடித்து வைத்திருந்த புகையிலையைக் கிள்ளி வாயில் வைத்தேன். இடது பக்கம் வைத்தேன். வலது பக்கத்துக்கு ஓய்வு கொடுக்கிறேனாம். இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

அன்று டயரியில் கடைசி வரியாக, 'டொக்டர் தன் தவறை ஒப்புக்கொண்டார்' என்று எழுதினேன். மை காய்ந்த பிறகு ஒருமுறை வாசித்தேன். கையெழுத்து அழகாக இருந்தது. ஒரு பெண் என்னை நம்பி மன்னிப்புக் கேட்டாள். நானும் மன்னித்து, அதைப் பதிவும் செய்துவிட்டேன். இல்லாத சிமெந்தைத் தேடி அவள் நாளைக்கு வேறு இரண்டு பேரின் வாயைத் திறந்து பார்ப்பாள். அந்த வரியை அடிக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. விளக்கை அணைத்துப் படுத்தேன்.

மறுநாள் 4.50க்கு எழுந்து, முகம் கழுவும் முன்பே போனை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். மனைவி அடுப்பில் கேத்தலை வைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் தனியாகச் சொல்லத் துணிவில்லை. டொக்டருக்குச் சொல்வதை அவள் கேட்கட்டும் என்றுதான் அங்கே நின்றேன். சிங்களம் பேச வரும், எழுத வராது. அதனால் குரலைப் பதிவு செய்தேன். "டொக்டர், நீங்கள் வெற்றிலையைப் பற்றித்தான் கேட்டீர்கள், புகையிலையைப் பற்றிக் கேட்கவில்லை" என்று ஆரம்பித்தேன். அது சாக்கு என்பது என் காதுக்கே கேட்டது. அழித்துவிட்டு மறுபடி பேசினேன்.

"டொக்டர், நான் பொய் சொன்னேன். அந்தத் திருகுக்குப் பக்கத்தில்தான் தினமும் மூன்று தடவை புகையிலை வைக்கிறேன். கன்னம் வெளுத்ததும் அதனால்தான். பிழை உங்கள் கையில் இல்லை."

அனுப்பினேன். மணி 5.04.

மனைவி அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள். கடைத்தெருச் சிங்களம் அவளுக்கு என்னைவிட நன்றாக விளங்கும்.

"அப்ப நிப்பாட்டவே இல்லியா?"

"இல்ல."

"பஸ்ஸு பூரா அந்த டொக்டரம்மாவ நாறடிச்சிக்கிட்டு வந்தேன். பக்கத்துல ஒக்காந்து சிரிச்சீங்களே."

அவள் தன் போனை எடுத்துத் தங்கையின் இலக்கத்தை அழுத்தி, என் கையில் வைத்தாள்.

"இவகிட்டயும் நீங்களே சொல்லுங்க. தமிழ்லயே சொல்லுங்க."

மறுமுனையில் மணி அடித்தது.