கெசியாவின் சிரிப்புக்கு ஒரு காவல்

கண்பார்வையிலேயே வைத்துக்கொண்டால் ஒருவர் நமக்குச் சொந்தமாகிவிடுவாரா? தச்சநல்லூருக்கு அடுத்த ஒரு சிற்றூரின் மிஷன் பள்ளி ஆசிரியர் வேதமுத்துவின் வாழ்க்கை இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தது. கணக்கு நன்றாகச் சொல்லிக்கொடுப்பார். அதற்குமேல் புகழ்ந்தால் பொய்யாகிவிடும்.

சபைக் கோயிலில் ஆண்கள் ஒருபுறம், பெண்கள் மறுபுறம். 1908-இல் ஒரு ஞாயிறு, காணிக்கைப் பாட்டின் மூன்றாம் சரணத்தில் மனைவி கெசியா சிரித்ததை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார். மறுவாரமும் அதே சரணம், அதே சிரிப்பு.

"யாரப் பாத்துளா சிரிச்ச?"

"யாரையும் பாக்கல. சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன்."

அது போதவில்லை. பெண்கள் பக்கம் முகம் வைத்து உட்கார உரிமையுள்ள இடம் ஒன்றுதான்: ஹார்மோனியப் பெட்டி. அதை வாசித்த சத்தியநேசனுக்கு எழுபது வயது, காது மந்தம். வேதமுத்து ஆறு மாதம் அவரிடமே கற்று, அவரையே அந்த இடத்தைவிட்டு எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகுதான் சங்கடம் புரிந்தது. கெசியாவைப் பார்த்தால் விரல் தப்பியது; விரலைப் பார்த்தால் கெசியா தப்பினாள்.

"இன்னைக்கு எட்டு தடவை சிரிச்சிருக்க. எவன்ளா அவன்?"

கெசியா அயிரை மீனை உரசிக் கழுவிக்கொண்டிருந்தாள். "பெட்டியில கட்டை தப்பினா எனக்குச் சிரிப்பு வருது. சத்தியநேசன் தாத்தா மூணாவது சரணத்துல மட்டுந்தான் தப்புவாவ. நீங்க எட்டு எடத்துல தப்புதிய. நான் என்ன செய்ய?"

எதிரி இல்லை என்பது அவருக்கு நிம்மதி தரவில்லை. ஒரு தப்பான சுரத்தின்மேல் பொறாமை பிடித்துக்கொண்டது. பள்ளி விட்டதும் கோயிலுக்குப் போய்க் கட்டைகளோடு மல்லுக்கட்டினார். ஓராண்டில் பிழை என்பதே இல்லை. கெசியா சிரிப்பதும் இல்லை, கோயிலிலும் வீட்டிலும். அந்தச் சிரிப்பு வேறெவருக்கும் போகவில்லை, அவருக்கும் வரவில்லை.

"வே வாத்தியாரே, சுத்தமா வாசிக்கீராமே!" என்றார் சத்தியநேசன். "எனக்குத்தான் கேக்கல. ஆனா உம்ம வீட்டம்மா மூஞ்சியப் பாத்தா அடக்க ஆராதனைக்கு வந்த மாதிரில்லா இருக்கு."

1911, அறுப்பின் பண்டிகை. மூன்றாம் சரணம் வந்தது. வேதமுத்து விரலை நிதானமாகப் பார்த்து, பக்கத்துக் கட்டையில் வைத்து அழுத்தினார். கோயிலே திடுக்கிட்டது. அவர் மட்டும் பெண்கள் பக்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதன்பின் ஞாயிறுதோறும் அதே இடத்தில் அதே கட்டை, தலை நிமிராமல். ஏன் என்று சபை உபதேசியார் கேட்டார். வேதமுத்து பெட்டியை மூடிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, மனைவிக்கு முன்னால், திரும்பிப் பாராமல் நடந்தார்.