இரண்டு தட்டு

கிடங்கின் வாசற்படிக்கு வந்ததும் பூட்ஸ் மாஸ்டர் குனிந்து இடது பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்குவார். பாதி அவிழ்த்த பிறகுதான் இது ராணுவ முகாம், ஜூடோ கூடம் அல்ல என்பது ஞாபகத்துக்கு வரும். மறுபடி கட்டுவார். கட்டி முடித்து, ஆளில்லாத அறையைப் பார்த்து இடுப்பை வளைத்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு உள்ளே போவார். பதினான்கு வருடமாக ஒவ்வொரு காலையும் இதேதான். முகாமுக்கே பூட்ஸ் எடுத்துக் கொடுக்கிற மனிதர், தன் பூட்ஸைக் காலில் வைத்திருக்கப் படும் பாடு இது.

உள்ளே தரையிலிருந்து கூரை வரை பூட்ஸ். புதிதாகச் சேர்ந்தவர்கள் வரிசையில் வந்து நிற்பார்கள். அளவு பார்க்கும் பலகையை அவர் தொடுவதே இல்லை. "நட" என்பார். நாலு எட்டு வைத்ததும், "ஒன்பது. இடது கால் கொஞ்சம் பெரிசு. போ" என்பார். சண்டையில் எதிராளியின் முகத்தைப் பார்க்கக் கூடாதாம். எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். பன்னிரண்டு வருடம் படித்துக் கறுப்புப் பட்டை வாங்கிய வித்தை, கடைசியில் பூட்ஸ் அளவு சொல்லப் பயன்படுகிறதே என்று கிடங்கில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் கொஞ்சம் தாமதமாக.

வரிசையில் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: "மாஸ்டர், நான் கராத்தே கத்துக்கிட்டிருக்கேன். பட்டாளத்துல உதவுமா?"

"விழத் தெரியுமா?"

"அடிக்கத் தெரியும் மாஸ்டர்."

"அடிக்கிறதுக்குத் துப்பாக்கி தருவாங்க. விழறதுக்கு ஒண்ணும் தர மாட்டாங்க. அடுத்த ஆள், நட."

பட்ட பிறகு வந்த ஞானம் அது. பட்டாளத்தில் சேர்ந்த முதல் நாளே எதிரில் வந்த இளம் அதிகாரிக்கு சல்யூட் அடிக்க மறந்து, கூடத்து வழக்கப்படி இடுப்பை வளைத்து வணங்கிவிட்டார். அதிகாரி நின்று தரையைப் பார்த்தார்.

"என்னய்யா, கீழ என்ன விழுந்துச்சு?"

"மரியாதை சார்."

"அப்ப அதை எடுத்து நெத்தியில வை."

அன்றிலிருந்து சல்யூட் அடித்தாலும் இடுப்பும் கூடவே வளைந்துவிடும். துப்பாக்கி சுடும் திடலில் இன்னும் மோசம். தூரத்தில் கடுகு போலத் தெரிந்த அட்டை மனிதனைப் பார்த்து, "முந்நூறு மீட்டர்ல நிக்கிறவனை எந்தக் காலரைப் புடிச்சுத் தூக்கறது?" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அதற்குத் தண்டனையாகத் திடலைச் சுற்றிப் பத்து முறை ஓடினார். சும்மா சொல்லக் கூடாது, ஒரே ஒரு இடத்தில் அவரை யாராலும் மிஞ்ச முடியவில்லை. தடுப்புச் சுவரிலிருந்து குதிக்கும்போது மற்றவர்கள் மூட்டை போல விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொள்ள, இவர் பந்து போல உருண்டு எழுந்து நிற்பார். விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பது மற்றவர்களுக்குப் பழமொழி. அவருக்கு அது தினசரிப் பயிற்சி.

அவரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. ஜூடோவில் பிடியில் மாட்டிக்கொண்டவர், இனி முடியாது என்றால் தரையிலோ எதிராளியின் உடம்பிலோ இரண்டு முறை தட்டுவார். தட்டிய நொடியே பிடியை விட வேண்டும். ஏன், எதற்கு என்ற கேள்வியே கிடையாது. இந்த விதி பூட்ஸ் மாஸ்டரின் எலும்பில் ஊறிவிட்டது. பேருந்தில் யாராவது வழி கேட்டுத் தோளில் இரண்டு முறை தட்டினால், எழுந்து இடத்தையே கொடுத்துவிடுவார்.

வீட்டில் இதைத் தெரிந்துகொண்டு பிழைக்கிறார்கள். மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தால், மூன்றாவது கணக்கில் அவள் மேசையில் டப் டப் என்று தட்டி, "அப்பா, தட்டிட்டேன்!" என்பாள். புத்தகம் மூடப்படும். மனைவி மருத்துவமனையில் எலும்பு முறிந்தவர்களுக்கு மாவுக்கட்டுப் போடுபவர். வாக்குவாதத்தில் தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் அவரும் டப் டப். பூட்ஸ் மாஸ்டர் சொல்ல வந்த நியாயத்தை அப்படியே விழுங்கிவிடுவார். மற்ற வீடுகளில் தட்டு சாப்பிடுவதற்கு. இந்த வீட்டில் அது தப்பிப்பதற்கு.

இப்படிப்பட்டவருக்குத்தான் அந்தச் சோதனை வந்தது. முகாமில் கைச்சண்டைப் பயிற்சியாளர் வேலை காலியானது. மோதி ஜெயிப்பவருக்குத்தான் அந்த வேலை என்று அறிவித்தார்கள். அடுத்த வருடத்தோடு பூட்ஸ் மாஸ்டரின் பணிக்காலம் முடிகிறது. பயிற்சியாளர் ஆகிவிட்டால் இன்னும் ஐந்து வருடம் இருக்கலாம். அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் இருந்தது. அதை மனைவியிடம் மட்டும் சொன்னார்: "ஜூடோவை நம்பித்தான் பட்டாளத்துக்கே வந்தேன். வீட்டுக்குப் போறதுக்குள்ள ஒரு தடவையாவது அது வேலைக்கு ஆகணும்."

"போய் ஜெயிச்சுட்டு வாங்க. யார் கையையும் ஒடிச்சு எங்கிட்ட அனுப்பாதீங்க, எனக்கு ஏற்கெனவே வேலை அதிகம்" என்றார் மனைவி.

போட்டிக்கு வந்த மற்றவர் ஒரு சார்ஜெண்ட். குத்துச்சண்டைக்காரர். முகாமில் அவருக்குப் பாறை என்று பெயர். நடுவர் மேஜர். தரையில் விழுந்த மரியாதையை எடுத்து நெற்றியில் வைக்கச் சொன்ன அதே அதிகாரிதான். பதினான்கு வருடத்தில் மேஜராகவும், கொஞ்சம் தொப்பையாகவும் வளர்ந்திருந்தார்.

பாறை ஓடிவந்தார். பூட்ஸ் மாஸ்டர் அவர் காலை மட்டும் பார்த்தார். அடுத்த கணம் பாறை வானத்தைப் பார்த்தபடி கிடந்தார், அவருடைய வலது கை பூட்ஸ் மாஸ்டர் மடக்கிப் போட்ட பூட்டுப் பிடியில் சிக்கியிருந்தது. கூட்டம் வாயைப் பிளந்தது. பாறை தரையில் டப் டப் என்று தட்டினார். பூட்ஸ் மாஸ்டர் உடனே விட்டார், எழுந்தார், குனிந்து வணங்கினார். குனிந்த மனிதரின் கணுக்காலைப் பாறை வாரி இழுத்தார். மேஜர் விசில் ஊதியபோது பூட்ஸ் மாஸ்டர் குப்புறக் கிடந்தார், முதுகின்மேல் பாறை உட்கார்ந்திருந்தார்.

"ஏன்யா விட்ட?" என்றார் மேஜர்.

"தட்டினார் சார்."

"எதிரி தட்டினா விட்டுடுவியா? விடக் கூடாதுன்னு யாரும் சொல்லித் தரலையா?"

"விடணும்னுதான் சார் சொல்லித் தந்தாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சிக் கூடத்தின் சாவி பாறையின் கைக்குப் போனது. மேஜரின் உத்தரவு சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டது: தட்டினாலும் விடாதே.

பூட்ஸ் மாஸ்டர் மறுநாள் வழக்கம்போல் கிடங்கு வாசலில் கயிற்றை அவிழ்த்தார், கட்டினார். ஆனால் பதில் ஒன்று அவர் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. சரியான பதில் எப்போதும் சண்டை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதானே வரும்! சவரம் செய்யும்போது கண்ணாடியிடம் அதைச் சொல்லிப் பார்ப்பார்: "எதிரி தட்டினா விடுவியான்னு கேட்டீங்களே சார். பயிற்சியில தட்டுறவன் எதிரி இல்ல சார், நம்ம ஆளு. நாளைக்கு அவன் கைதான் சார் நமக்குத் துணைக்கு வரணும்." ஒவ்வொரு நாளும் ஒரு வார்த்தையை மாற்றுவார். ஒருநாள் 'சார்' ஒன்றைக் குறைத்துப் பார்த்தார். துணிச்சல் போதாமல் மறுநாள் சேர்த்துக்கொண்டார்.

"எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. நேர்ல போய்ச் சொல்லிட்டு வாங்களேன்" என்றார் மனைவி.

"அவரா வந்து கேட்டாத்தான் சொல்லணும்."

"மேஜர் உங்க கிடங்குக்கு வந்து கேப்பாராக்கும்! அதுக்குள்ள உங்க மீசை நரைச்சிடும்."

மூன்றாவது வாரத்தில் ஒரு மாலை, மனைவி செருப்பைக் கழற்றுவதற்குள் பேச ஆரம்பித்தார்.

"ஏங்க, உங்க முகாம்லேர்ந்து இன்னிக்கு அஞ்சாவது கை வந்துச்சு. எல்லாம் அந்தப் பாறை பூட்டுன பூட்டு. தட்டித் தட்டிப் பாத்தானாம் பாவம், விடவே இல்லையாம்."

"உத்தரவு அப்படி" என்றார் பூட்ஸ் மாஸ்டர்.

"அடுத்த வாரமும் இப்படியே போனா, துப்பாக்கியைக் காலால தூக்கிட்டுத்தான் அணிவகுக்கணும்."

ஆறாவது கை திங்கட்கிழமை வந்தது. அந்தக் கையின் தோளில் மேஜருக்குரிய பட்டை இருந்தது. பயிற்சி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கப் போனவர், பார்த்துவிட்டுச் சும்மா திரும்பியிருக்கலாம். 'என்மேல் அந்தப் பூட்டைப் போட்டுக் காட்டு' என்று தானே இறங்கியிருக்கிறார். பாறை போட்டார். மேஜர் தட்டினார். பாறை சுவரைப் பார்த்தார், உத்தரவைப் படித்தார், விடவில்லை. மேஜர் மறுபடி தட்டினார். "நீங்கதானே சார் எழுதினீங்க" என்று பாறை விசுவாசமாகச் சொன்னபோது 'மடக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"கட்டுப் போடும்போது மனுஷன், உங்க வீட்டுக்காரர் பூட்ஸ் கிடங்குலதானே இருக்காருன்னு மட்டும் கேட்டாரு" என்றார் மனைவி. சொல்லிவிட்டுக் கணவரின் முகத்தையே பார்த்தார். "பதிலை நல்லா ஒருதடவை பாத்து வச்சுக்குங்க."

புதன்கிழமை காலை மேஜர் வந்தே விட்டார். வலது கை மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்கியது. வரிசையில் நின்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். பூட்ஸ் மாஸ்டர் கையிலிருந்த ஒன்பதாம் எண் ஜோடியைக் கீழே வைத்தார்.

மேஜர் இடது கையால் ஒரு சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இன்னையிலேர்ந்து கூடம் உன்னோடது. பாறை உனக்கு உதவியாளு. நீட்டிப்புக் கடிதத்துல இடது கையால கையெழுத்துப் போட்டிருக்கேன், கிறுக்கலா இருக்கும். முதல்ல அவனுங்களுக்கு எப்ப விடணும்னு சொல்லிக் குடு. பிடிக்கறது தானா வரும்." சாவியை அவர் பக்கம் தள்ளினார். "நீ எதாவது சொல்லணுமா?"

மூன்று வாரம் சவரக் கண்ணாடி கேட்ட பதில் அது. அறை முழுக்கக் காது. பூட்ஸ் மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

"அன்னிக்கு எதிரி தட்டினா விடுவியான்னு கேட்டீங்களே சார். பயிற்சியில தட்டுறவன்..."

மேஜரின் இடது கை மேசைமேல் விழுந்தது. டப் டப்.

பூட்ஸ் மாஸ்டரின் வாய் அப்படியே மூடிக்கொண்டது. ஒரு அடி பின்னால் போனார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக இடுப்பு வளையாமல், விறைப்பாக நெற்றியில் கையை வைத்தார்.

மேஜருக்குப் பதில் சல்யூட் அடிக்கக் கையில்லை. கட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் முன்னால் மெல்ல இடுப்பை வளைத்தார்.

கீழே எதுவும் விழுந்திருக்கவில்லை.