ஐந்தாம் படுக்கைக்குத் துணை

ஐந்தாம் படுக்கைக்காரருக்கு உடம்பைத் துடைத்துவிட ஆள் கிடையாது. அதனால் நர்ஸ் கோன்சிங்தான் துடைத்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீர், தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு துண்டு. எங்கள் ஆண்கள் வார்டில் இது நர்ஸ் வேலை இல்லை, பந்தாய் வேலை. நோயாளியோடு ஒரு சொந்தம் வந்து உட்கார்ந்தே ஆகவேண்டும், அவர்தான் பந்தாய். விசிறுவது, ஊட்டுவது, மருந்துச் சீட்டோடு கடைக்கு ஓடுவது, கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியை விரித்துத் தூங்குவது எல்லாம் அவர் பாடு. பந்தாய் இல்லாதவரை ஆபரேஷனுக்கு எடுப்பதில்லை.

மனோங் அபுண்டியோவுக்கு யாருமில்லை. மூத்த ஆணை மனோங் என்போம், அண்ணன் மாதிரி; பெண்ணை மனாங். தீவில் மீன் கூடை சுமக்கிறவர். அடிவயிற்றில் குடல் இறங்கி, கூடையைத் தூக்கினால் முட்டை அளவுக்குப் புடைக்கும். போன வாரம் படகேறி வந்தவரைத் துணையில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தோம். இந்த வாரமும் தனியாகத்தான் வந்து நின்றார். நாலாம் படுக்கையில் கால் ஒடிந்த கணவனோடு இருந்த லுடிவினா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள்.

"இவருக்கும் நானே இருக்கேன். ஒரு ஆளை விசிறினா என்ன, ரெண்டு ஆளை விசிறினா என்ன? அதே கைதானே."

வார்டே சிரித்தது. அபுண்டியோவுக்குப் படுக்கை கிடைத்தது. அந்நிய ஆணின் உடம்பைத் துடைப்பது மட்டும் கோன்சிங் பங்குக்கு வந்தது. சர்ஜன் நகரத்திலிருந்து வியாழக்கிழமை மட்டும் வருவார். மத்தியானத்துக்கு முன்னால் கிளம்பிவிடுவார். கோன்சிங் துடைத்துக்கொண்டிருந்த அன்றைக்கு வியாழன்.

கோன்சிங் அவர் கழுத்தைத் துடைத்தாள், காதோரம் துடைத்தாள். வாயைச் சுற்றி, நரைத்த தாடி முளைகளின் மேல் வைத்து எடுத்தபோது துண்டில் மஞ்சள் ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கு. மூக்கருகில் கொண்டுபோனாள். இஞ்சி.

அதற்குச் சற்று முன்னால்தான் பயிற்சிக்கு வந்திருந்த ரியலின் அவரிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு, "இல்ல மேம்" என்று பதிலும் வாங்கிப் போயிருந்தாள். எங்கள் ஊரில் சாப்பிட்டாச்சா என்பது வணக்கம் சொல்வது மாதிரி. பசியோடு வந்தவரும் ஆச்சு என்பார். ஆபரேஷன் நாளில் எல்லாரும் இல்லை என்பார்கள். கோன்சிங் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

"மனோங், இப்ப வாய்ல என்ன ருசி இருக்கு?"

"ருசியா? என்ன ருசி... தூங்கி எழுந்த நாக்கு, கசக்குது."

"இஞ்சி கசக்குமா?"

அவர் லுடிவினா பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க அவர் பட்ட பாடே கோன்சிங்குக்குப் போதுமான பதிலாக இருந்தது. நான் நாலாம் படுக்கையில் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தியும் எனக்குக் கேட்டது.

"விடிகாலைல அந்த அம்மா கோழிக் கஞ்சி ஊட்டிவிட்டாங்க மேம். நாலே கரண்டி. வேண்டாம்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன், கரண்டி உள்ள வந்துடுச்சு."

"அப்புறம் மூணு கரண்டி?"

"எனக்கு யாரு ஊட்டியிருக்கா? சூடா இருந்துச்சு." பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க. இன்னிக்கும் அனுப்பிட்டா மூணாந்தடவ என்னால வரமுடியாது. காத்து எழும்பப் போகுது, படகுக்காரன் ஆளை ஏத்தமாட்டான். அந்த அம்மாவையும் எல்லாரும் திட்டுவாங்க."

கோன்சிங் தனி ஆள். கணவர் கப்பலுக்குப் போய், வேறொரு துறைமுகத்தில் குடும்பம் வைத்துக்கொண்டார். மகள் மாரிவிக் இங்கிலாந்தில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் திரையில் வருவாள், அவளுக்குப் பின்னால் ஜன்னலில் எப்போதும் மழை. எங்களிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளும் போகப்போகிற நாட்டின் குளிரைப் பற்றித்தான் பேசுவார்கள். கோன்சிங்குக்குச் சந்தைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. ரேடியோவை அணைக்காமலே பூட்டிவிட்டு டியூட்டிக்கு வருவாள். திரும்பிப் போகும்போது உள்ளே யாரோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்குமாம்.

டெங்குக் காய்ச்சலில் அவளைப் பெண்கள் வார்டில் சேர்த்தபோது, "பந்தாய் யாரு மனாங்?" என்று நான்தான் கேட்டேன்.

"எனக்கு நானேதான். ரொம்ப நல்ல பந்தாய், குறட்டை விடாது."

நாங்கள் முறை வைத்து உட்கார்ந்தோம். எங்கள் முறை முடிந்து எழுந்திருக்கும்போதெல்லாம் அவள் கண்ணை மூடித் தூங்குகிறவள் போலக் கிடப்பாள். அதனால் தனி ஆளுக்கு ஒருவர் ஊட்டிவிடுகிற கஞ்சி என்னவென்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ரியலின் வந்து அவள் காதருகே குனிந்தாள். "மனாங், நாலு கரண்டிதானே? பாவம், போன வாரமே திருப்பி அனுப்பிட்டோம்."

"நாலுங்கிறது அவர் சொல்ற கணக்கு. கஞ்சி டப்பாவைப் பார்த்தியா?"

கட்டிலுக்கடியில் இருந்த டப்பாவைக் கோன்சிங்கே இழுத்துத் திறந்தாள். அடியில் ஒரு கோழி எலும்பு மட்டும் இருந்தது.

"மயக்கத்துல கிடக்கிறப்ப இது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிடுச்சுன்னா அப்ப யாருடி பாவம்?" என்றாள். பிறகு அபுண்டியோவிடம் குனிந்து, "மனோங், நான் சொல்லத்தான் போறேன். உங்களுக்குத் தெரியாம சொல்லக்கூடாதுன்னு முதல்ல உங்ககிட்ட சொல்றேன்" என்றாள்.

அவர் அவளுடைய மணிக்கட்டை விட்டுவிட்டார்.

சர்ஜன் கை கழுவிக்கொண்டிருந்தார். கோன்சிங் விஷயத்தைச் சொன்னதும், எப்போது சாப்பிட்டார் என்று கேட்டார். விடிகாலை என்றதும், "நல்லவேளை சொன்னீங்க. அடுத்த ஆளைக் கூப்பிடுங்க" என்றார். அவ்வளவுதான். படுக்கை பற்றாத வார்டில் ஒரு வாரம் யாரையும் சும்மா வைத்திருக்க முடியாது. அபுண்டியோ சாயங்காலப் படகில் திரும்ப வேண்டியதுதான்.

லுடிவினாவின் குரல் வராந்தாவரை கேட்டது. "பட்டினி கிடக்கிற மனுஷனுக்கு ஒரு வாய் குடுத்தது குத்தமா? ஊட்டாம இருக்கிறதுக்கு எதுக்குப் பந்தாய்?"

"கட்டில் தலைமாட்டுல அட்டை தொங்குதே, எதுவும் குடுக்காதீங்கன்னு" என்றாள் ரியலின்.

"அது ஆஸ்பத்திரிச் சோத்துக்குன்னு நெனச்சேன்! வீட்டுக் கஞ்சிக்குமா?"

கோன்சிங் சிரிக்கவில்லை. "குத்தம் எங்க மேலதான் மனாங். அட்டையை மாட்டிட்டுப் போயிட்டோம். உங்களை உட்கார வெச்சு ஒரு வார்த்தை யாரும் சொல்லல."

லுடிவினா அழுதுகொண்டே தன் கணவனை வேகவேகமாக விசிறினாள். அவர் "குளிருதுடி, என்னை எதுக்குத் தண்டிக்கிற?" என்று போர்வையை இழுத்துக்கொண்டார். ஏழாம் படுக்கையிலிருந்து யாரோ, "அந்த நர்சம்மாவுக்கு மூக்கு இருக்கு, நெஞ்சுதான் இல்ல" என்றார்கள். மாத்திரைத் தட்டோடு அந்த வழியாகப் போன கோன்சிங் நின்று, அவர்களுடைய மாத்திரையையும் பேர் கேட்டுச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

மத்தியானம் புது வெந்நீரோடு ஐந்தாம் படுக்கைக்கு வந்தாள். காலையில் முகத்தோடு நின்றுபோயிருந்தது; முதுகு பாக்கி. அபுண்டியோ சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். கூடைக் கயிறு அறுத்த தழும்புகளின் மேல் அவள் அழுத்தாமல் துடைத்தாள்.

"புடைப்பு உள்ள போகாம நின்னு வலிச்சா, வாந்தி வந்தா, வியாழக்கிழமைன்னு பார்க்காதீங்க. காத்தடிச்சாலும் சரி, படகுக்காரன் கால்ல விழுந்தாவது ஏறி வந்துடுங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டார்.

"அடுத்த வியாழக்கிழமை எனக்கு லீவு" என்றாள் கோன்சிங். "நர்சா இல்ல, உங்க பந்தாயா வந்து உட்கார்றேன். ஊட்டமாட்டேன், விசிறுவேன். வருவீங்களா மனோங்?"

அபுண்டியோ படுக்கை விரிப்பை எடுத்து முனைக்கு முனை சேர்த்து மடித்தார். மடித்ததைத் தலையணை மேல் வைத்தார். அது சரியாக இல்லாதது போல மறுபடி பிரித்து மடித்தார். ஜன்னலுக்கு வெளியே தென்னைகள் ஒரே பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன.

அவள் துண்டைத் தொட்டியில் அலசிப் பிழிந்தாள். இன்னொரு தரம் அலசினாள். தண்ணீர் ஆறியிருந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தொட்டியை இடுப்பில் அணைத்துத் தூக்கி, தண்ணீர் சிந்தாமல் கதவைத் தோளால் தள்ளி வெளியே போனாள்.