சிவப்புக் கயிறு கட்டிய ஷாஃப்டுடன் எளாவூர் வரை

பழைய வெளிநாட்டுக் காரில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் போய்வர ஆசை என்று நான்கைந்து பேர் எழுதியிருந்தீர்கள். அந்தச் சாலையில் நான் முதன்முதலாகப் போனது எழுபதுகளின் தொடக்கத்தில். காரில் அல்ல, ஒரு காரின் உதிரிபாகத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

அப்போது மவுண்ட் ரோட்டில் வெளிநாட்டுக் கார் விற்கும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர் வேலை. இறக்குமதி லைசென்ஸ் குதிரைக்கொம்பு. அதனால் எந்தச் சாமானிலும் கடைசி ஒன்றை விற்கக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அதற்குச் சிவப்புக் கயிறு கட்டி, 'சாம்பிள்' என்று எழுதி ரேக்கில் வைப்போம். யாராவது கேட்டால் அதை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், அதேபோல் ஒன்று கடைந்து கொடுத்துவிட்டு, ஒரிஜினலைத் திரும்ப ரேக்கில் ஏற்றிவிடுவோம்.

பழவேற்காட்டில் கருவாடு வியாபாரம் செய்த மரைக்காயரின் ஜெர்மன் கார், எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் வாட்டர் பம்ப் ஷாஃப்ட் உடைந்து நின்றுவிட்டது. இரண்டு நாளில் அவர் மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை அந்தக் காரில்தான் வர வேண்டும். மானேஜர் அந்த ஷாஃப்டின் சாம்பிளை என் கையில் கொடுத்தார். "ரெட்ஹில்ஸ்ல கடைஞ்சிக்கோ. கும்மிடிப்பூண்டிக்காரன் எவனையும் நம்பாதே. ஒரிஜினல் தொலைஞ்சா நீ திரும்பி வரவே வேண்டாம்." எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம்.

மறுநாள் காலை ஆறரைக்குப் பாரிமுனையில் பஸ் ஏறினேன். ஏழே காலுக்கு ரெட்ஹில்ஸ். அங்கே சாயங்காலம் வரை கரண்ட் இல்லை, லேத் ஓடாது. ஒன்றேகால் ரூபாய் டிக்கெட்டில் அடுத்த பஸ். மானேஜர் சொல்லைத் தட்டாமல் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, ஒன்பது மணிக்கு எளாவூரில் இறங்கினேன். எதற்கு இறங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை.

மரைக்காயர் லாரிகளுக்கு நடுவே பானெட்டில் சாய்ந்து நின்றிருந்தார். பையில் இருந்த ஷாஃப்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இது சாம்பிள், போடக் கூடாது என்றேன்.

"இன்னா தம்பி, கைல வெச்சிகினே இல்லன்றீங்க?"

"சட்டம் பாய்."

"பேஜாராப் போச்சே. வாங்க, எனக்குத் தெரிஞ்ச லேத்து ஒண்ணுகீது."

ஒரு நெல் லாரியில் ஏழு கிலோமீட்டர் திரும்பி வந்தோம். எங்கே? கும்மிடிப்பூண்டிக்கு.

லேத்காரர் வெங்கடேசுலு ஷாஃப்டை வாங்கி, கிரீஸைத் துடைத்து, முனையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா நைனா, என் சரக்கையே எங்கிட்ட சாம்பிளுன்னு எடுத்தாந்துகிற?"

முனையில் ஊசிக்குத்து போல மூன்று புள்ளிகள். அவர் கடையும் எல்லாவற்றிலும் அடிக்கிற புள்ளி. மேஜையில் இருந்த நான்கைந்து சாமான்களைக் காட்டினார், எல்லாவற்றிலும் மூன்று.

"யாருக்குக் கடைஞ்சு கொடுத்தீங்க?" என்றேன்.

"கொடையோட ஒரு பெரியவரு. ஒரு வார்த்தைக்கு ஒரு வாட்டி மூக்குப்பொடி போடுவாரு. ஒரிஜினல வித்துட்டேன், ரேக்குல வெக்க ஒண்ணு வேணும், யார்கிட்டயும் சொல்லாதன்னாரு. நானும் இன்னிவரைக்கும் சொல்லல."

குடையும் பொடியும் எங்கள் மானேஜரேதான். காலையிலிருந்து நான் பட்ட பயத்தை நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது. வெங்கடேசுலு அளவு எடுத்ததும் சிவப்புக் கயிற்றை அங்கேயே அறுத்து, ஷாஃப்டை மரைக்காயர் கையில் கொடுத்தேன். ரேக்கில் வைக்கப் புதிதாக ஒன்று கடைய ஒன்றரை மணி நேரம் ஆனது. புள்ளி அடிக்காதீர்கள் என்று கெஞ்சினேன். "புள்ளி இல்லாம என் சரக்கு வெளிய போனதில்ல நைனா" என்று மூன்றையும் அடித்தார். அதற்குள் மரைக்காயர் ஷாஃப்டோடு எளாவூர் திரும்ப, அங்கே காருக்குக் காவலிருந்த அவர் டிரைவர் அதை மாட்டிக் காரைக் கிளப்பிவிட்டார். என்னைப் பாரிமுனையில் இறக்கிவிட்டதும் அதே கார்தான்.

கம்பெனியில் மானேஜர் பொடி போட்டுக்கொண்டு புது ஷாஃப்டின் முனையைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"ஒரிஜினல்தானே?"

"நீங்க கொடுத்த அதே ஒரிஜினல்தான் சார்."

அவரே சிவப்புக் கயிறு கட்டினார். அதற்குப் பிறகு என்னை அதட்டியதே இல்லை. மறுநாள் மதியம் அவர் சாப்பிடப் போன நேரத்தில் ரேக்கைத் துழாவினேன். கயிறு கட்டிய நாற்பத்தோரு சாமான்களில் பதினேழில் மூன்று புள்ளி இருந்தது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பாரிமுனையிலிருந்து எளாவூர் சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். விடியலில் கிளம்பினால் லாரி நெரிசல் குறைவு. புதுவாயலிலேயே நாஷ்டா முடித்துவிடுங்கள். ரேடியேட்டருக்குத் தண்ணீர் கையோடு இருக்கட்டும். பழைய வெளிநாட்டுக் கார் வாங்குகிறவர்கள் பம்ப் ஷாஃப்டின் முனையைத் துடைத்துப் பாருங்கள். மூன்று புள்ளி இருந்தால் தைரியமாக வாங்கலாம். மரைக்காயர் கார் அதில் பதினோரு வருடம் ஓடியது. அன்று எளாவூரில் உடைந்தது ஒரிஜினல்.