பப்பாவுக்குத் தலையாட்டிய ஊர்

எங்கள் பப்பாவின் படம் பேப்பரில் வந்தது ஒரே ஒரு தடவைதான். யாழ்ப்பாணத்துப் பேப்பர் ஒன்றின் நாலாம் பக்கத்தில், முத்திரையைவிடக் கொஞ்சம் பெரிய படம். கழுத்துவரை தெறி பூட்டிய வெள்ளைச் சேட்டு, ஸ்ரூடியோ வெளிச்சம் பட்டு மினுங்கும் வழுக்கைத் தலை, இறுக மூடிய வாய். அந்த மூடிய வாயைப் பார்க்கும்போதெல்லாம் இது வேறு யாரோ என்றுதான் எனக்குப் படும். பப்பாவின் வாய் மூடியிருந்து எங்கள் கடற்கரை ஊரான குருநகரில் யாரும் கண்டதில்லை. படத்துக்குக் கீழே 'சுயேட்சைக் குழு வேட்பாளர்' என்று போட்டிருந்தார்கள். அதை வாசித்த அன்று எனக்குப் பெருமை வரவில்லை, பேப்பரை மடித்து ஒளித்துவைத்தேன்.

இப்போது அவர் போய்ச் சேர்ந்து சில வருடங்களாகிவிட்டன. ஐப்பசி மழை தொடங்கிவிட்டது, இன்னொரு தேர்தலும் வருகிறது. முந்தாநாள் ஒரு வேட்பாளர் நாலைந்து பேருடன் எங்கள் வாசல் படலையைத் திறந்து வந்து, குடையை மடக்கிவிட்டுக் கைகூப்பினார். "ரீச்சர், எங்களை மறந்திடாதையுங்கோ" என்றார். நான் சிரித்துத் தலையாட்டினேன். அவருக்கு வாக்குப் போடும் எண்ணம் எனக்கு எள்ளளவும் இல்லை. அவர் அடுத்த வீட்டுக்குப் போன பிறகு, யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல் நெடுநேரம் அங்கேயே நின்றேன். வேறு ஊரில் இது ஒரு விஷயமே இல்லை. பப்பாவின் மகளுக்கு அப்படி இருக்க முடியாது.

பப்பா மீன் கூறி விற்பவர். ஏலம் போடுபவர் என்று சொன்னால் வெளியூராருக்கு விளங்கும். விடிய வள்ளங்கள் கரைக்கு வந்ததும் சந்தைக் கொட்டகையில் மீனைக் குவியல் குவியலாகக் கொட்டுவார்கள். பப்பா நடுவில் நின்று விலை கூறத் தொடங்குவார். அந்தக் குரல் பெரிய கோயில் மணியோடு போட்டி போடும். ஆனால் சுற்றி நிற்கும் வியாபாரிகள் வாய் திறக்கமாட்டார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தன் விலை தெரியக்கூடாது என்பதற்காக எல்லாம் தலையசைப்புத்தான். தாடை ஒரு விரற்கடை கீழே போய் மேலே வரும், அவ்வளவுதான். அதைப் பப்பாவின் கண் பிடித்துவிடும். பிறகு அந்த விலையிலிருந்து யாரும் மாறக்கூடாது. "ஆட்டினால் ஆட்டினதுதான்" என்பார். ஒருமுறை கொழும்புத்துறையிலிருந்து சைக்கிளில் வரும் வியாபாரி ஒருவர் நின்றபடியே நித்திரை தூங்கித் தலை சரிந்துவிட்டார். அதுவும் ஒரு தலையாட்டலாகி, ஒரு குவியல் சூடைமீன் அவர் தலையில் விழுந்தது. மனுசன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஒரு சொல் மறுத்துப் பேசாமல், பெட்டியில் அள்ளிக்கட்டிக்கொண்டு போனார். எங்கள் கரையின் நாணயம் அப்படி. அதைச் சொல்லிச் சொல்லியே பப்பா எங்களை வளர்த்தார்.

சந்தை முடிந்தால் அவருடைய அடுத்த இடம் வாசிகசாலை. அங்கே பேப்பரை விரித்துவைத்து, தலைப்புச் செய்தியிலிருந்து மரண அறிவித்தல்வரை எல்லாவற்றோடும் சண்டை பிடிப்பார். இழுவைப் படகுகள் இரவோடிரவாக வந்து வலைகளை அறுத்துக்கொண்டு போகிற காலம் அது. வலை அறுந்தவன் சந்தைக்கு வெறுங்கையோடு வந்து, வெறுமனே நின்றுவிட்டுப் போவான். அப்படி நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்துப் பப்பாவுக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. அந்த நேரம்தான் நல்லூர்ப் பக்கத்து ரியூசன் மாஸ்டர் ஒருவரும் இரண்டு இளம் சட்டத்தரணிகளும் ஒரு சுயேட்சைக் குழு அமைத்தார்கள். பட்டியலுக்குக் கரையிலிருந்து ஒரு ஆள் வேண்டும் என்று எங்கள் வீட்டுக்கு வந்து, கதிரையின் நுனியில் இருந்து, தேத்தண்ணி குடித்துப் பேசினார்கள். பட்டியலில் இடம் நிரப்பத்தான் கேட்கிறார்கள் என்று எனக்கு அன்றே பட்டது. பப்பாவுக்குப் படவில்லை.

அம்மா கொதித்தார். "உங்களுக்கென்ன விசரே? மீன் கூறுற வாயை வச்சுக்கொண்டு பாராளுமன்றத்துக்கோ?"

"கூறுற வாய்தானப்பா அங்கை வேணும். இதுவரை போனவை எல்லாம் வாயை மூடிக்கொண்டெல்லோ இருந்திட்டு வருகினம்" என்றார் பப்பா.

குழுக்காரர் தேர்தலுக்கு மீன் சின்னம் கேட்டார்கள். கிடைத்தது சீப்பு. வழுக்கைத் தலையருக்குச் சீப்பு! ஊருக்கு வேறென்ன வேண்டும்? சந்தியில் நின்ற பெடியள் பப்பாவைக் கண்டால் தலைவாருவதுபோல் பாவனை காட்டினார்கள். அவரும் சேர்ந்து சிரித்து, "முதல்லை எனக்கு முளைக்கட்டும், பிறகு உங்களுக்கு வாரிவிடுறன்" என்பார். பகிடியை அவர் பகிடியாகவே எடுத்தார். நான் அப்படியில்லை. நான் படிப்பிக்கிற நல்லூர் ரியூசன் வகுப்பில் என் மேசையில் ஒரு நாள் பிளாஸ்ரிக் சீப்பு ஒன்று கிடந்தது. பின் வாங்குகளிலிருந்து கிளுகிளுப்பு. நான் அதை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுக் கரும்பலகையைப் பார்த்தபடியே அன்றைய பாடத்தை முடித்தேன். ஏன் இந்த மனுசன் என்னை இப்படி நாறடிக்கிறார் என்று வீடுவரைக்கும் மனதுக்குள் ஏசிக்கொண்டு போனேன்.

ஆனாலும் வீடு வீடாகப் போகும்போது துணைக்கு நான்தான் போனேன். அம்மா மாட்டேன் என்றுவிட்டார். ஒரு கையால் பப்பாவுக்குக் குடை பிடித்தேன், மற்றக் கையில் துண்டுப்பிரசுரம். ஒரு வீட்டிலாவது எங்களை வாசலில் வைத்து அனுப்பவில்லை. கதிரை துடைத்துப் போட்டார்கள், தேத்தண்ணி தந்தார்கள், சில வீடுகளில் பொரித்த மீனும் வந்தது. பப்பா இழுவைப் படகைப் பற்றிச் சொல்லுவார். எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கடைசியில் எழும்பி, "அப்ப எனக்குத்தானே?" என்று கேட்டு முகத்தைப் பார்ப்பார். தலைகள் ஆடும். பெரிய தலை, சின்னத் தலை, குசினி வாசலில் நின்ற மனுசியின் தலை, எல்லாம் ஆடும். ஒழுங்கையில் திரும்பி நடக்கும்போது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். நல்ல பாரைமீன் குவியலை நல்ல விலைக்குக் கொடுத்து முடித்த முகம்.

ஒரு நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. "பப்பா, வீடு தேடி வந்த மனுசனிட்டை இல்லையெண்டு ஆர் சொல்லுவினம்? மற்ற வேட்பாளர் வந்தாலும் உவை இப்படித்தான் ஆட்டுவினம்."

நின்றுவிட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. "நீ நல்லூரிலை படிப்பிக்கிறனீ, பிள்ளை. உனக்குக் கரைச் சனத்தைத் தெரியாது. வாயாலை எவனும் நூறு கதைக்கலாம். தலை பொய் சொல்லாது. நான் என்ரை சீவியம் முழுக்கப் பாத்தனான்."

அவர் சொன்னது உண்மையும்தான். சந்தையில் எந்தத் தலையும் அவரிடம் பொய் சொன்னதில்லை. சந்தையில் ஆடிய அதே தலைகள்தான் இங்கேயும் ஆடின. இரண்டும் வேறு வேறு என்று அவருக்கு எப்படித் தெரியும்? திண்ணமாக அவர் நம்பியதைக் கண்டு, வென்றுவிடுவாரோ என்று எனக்கும் ஒரு சின்ன ஆசை வந்துவிட்டிருந்தது.

தேர்தல் முடிந்து, ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனியாக விழுந்த விருப்பு வாக்கு விபரம் பேப்பரில் வந்தது. பப்பாவின் பெயருக்கு நேரே இருந்த எண்ணிக்கை எங்கள் ஒழுங்கையிலுள்ள வீடுகளைவிடக் குறைவு. மாவட்டம் முழுவதிலும் கிடைத்தது அவ்வளவுதான். அது போதாதென்று, அதே பேப்பரின் கருத்துப் பக்கத்தில் பெயர் போடாத ஒருவர் தோற்றவர்களைப் பற்றி நையாண்டியாக எழுதியிருந்தார். சீப்புக்கும் ஒரு பந்தி ஒதுக்கியிருந்தார். வழுக்கையும் வந்தது, மீன் நாற்றமும் வந்தது. வேட்பாளரின் சொந்த வீட்டிலாவது அவருக்கு வாக்குப் போட்டார்களா என்று விசாரிப்பது நல்லது என்று முடித்திருந்தார். தேர்தலுக்கு முன் அவர் படத்தைப் போட்டு, மேலே 'கரையின் குரல்' என்று தலைப்பு வைத்ததும் அந்தப் பேப்பர்தான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். பேப்பரின் வாயை மூட எது இருக்கிறது?

பப்பா அந்தப் பேப்பரை வழக்கம்போல முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தார். எதனோடும் சண்டை பிடிக்கவில்லை. மரண அறிவித்தல்களையும் வாசித்து முடித்து, மடித்துக் கதிரையில் வைத்தார். அம்மா மாதா படத்துக்கு முன்னால் போய் நின்று, "மாதாவாணை நான் போட்டனான்" என்று அழத் தொடங்கினார். "ஆரப்பா உன்னைக் கேட்டது?" என்றார் பப்பா. அவ்வளவுதான். அன்றைக்குப் படலையைத் தாண்டி யாரும் உள்ளே வரவில்லை. தேத்தண்ணியும் பொரித்த மீனும் தந்த வீடுகள் யன்னல்களைச் சாத்திவைத்திருந்தன. நான் உடம்பு சரியில்லை என்று ரியூசனுக்குச் சொல்லியனுப்பிவிட்டுப் போர்த்துக்கொண்டு படுத்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த நாள் விடிய அவர் சேட்டைப் போட்டுக்கொண்டு சந்தைக்கு வெளிக்கிட்டார். "பிள்ளை, பின்னாலை போ. மனுசன் என்ன செய்யுமோ தெரியாது" என்று அம்மா என்னை எழுப்பி அனுப்பினார். நான் கொட்டகையின் தூணோடு ஒதுங்கி நின்றேன். வள்ளங்கள் வந்துவிட்டன. முதல் குவியல் விளைமீன், கண் மங்காத நல்ல மீன். பிடித்து வந்தவன், முந்தின மாதம் வலை அறுந்து கடன்பட்டு வேறு வலை போட்டவன், பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பப்பா கூறத் தொடங்கினார். அதே குரல், அதே உயரம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஒரு தலையும் அசையவில்லை.

விலை அதிகம் என்று நினைத்து, கொஞ்சம் குறைத்துக் கூறினார். அப்போதும் அசையவில்லை. பிறகுதான் எனக்கு விளங்கியது. எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சைக்கிள் வியாபாரிகள், பனையோலைக் கடகத்தோடு வந்த பெண்கள், பொரித்த மீன் தந்த வீட்டுக்காரர், யாராலும் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்த்தால்தானே தலையாட்டலாம்? ஆட்டினால், அன்றைக்கு வீட்டில் ஆட்டினது அவருக்கு நினைவு வரும். அவருக்கு வராவிட்டாலும் ஆட்டியவனுக்கு வரும். ஊரே கழுத்துச் சுளுக்கியதுபோல் நின்றது. மீன்காரன் பப்பாவையும் சனத்தையும் மாறி மாறிப் பார்த்தான். வெயில் ஏறினால் அவனுடைய மீன் கருவாட்டுக்குத்தான் போகும்.

பப்பா கூறுவதை நிறுத்தினார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். ஏச வேண்டும் என்றும் விரும்பினேன். ஒவ்வொருத்தரின் பெயரையும் சொல்லி, நீ ஆட்டினனீ, நீ ஆட்டினனீ என்று கூறவேண்டும் போல எனக்கே நாக்குத் துடித்தது. இவ்வளவு நாளும் அவரை நினைத்து வெட்கப்பட்ட எனக்கு, அந்த இடத்தில் அவரைச் சுற்றி நின்றவர்களை நினைத்துத்தான் கூசியது.

அவர் ஏசவில்லை. "என்ன, எல்லாருக்கும் கழுத்துப் பிடிச்சுப் போச்சோ?" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "வோட்டு முடிஞ்சுது. அது உங்கடை விருப்பம். இது இவன்ரை மீன். விலை சரியெண்டா ஆட்டுங்கோ, நான் நம்புறன்."

கடகத்தோடு முன்னால் நின்ற வயதான மனுசி ஒருத்தி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். தலையாட்டினாள். பிறகு ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. அன்றைக்குப் பப்பா ஒரு குவியலையும் விடவில்லை, எல்லாவற்றையும் கூறி விற்றார். விலையும் குறையவில்லை, நல்ல விலைக்கே போனது.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் கால் கழுவினார். அம்மா பிட்டை வைத்துவிட்டுச் சம்பல் எடுக்கக் குசினிக்குள் போனார். பப்பா என்னைப் பார்க்காமல், பிட்டைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"பிள்ளை, நீ எனக்குப் போட்டனியோ?"

நான் எதிர்பார்க்கவில்லை. தலையாட்டினேன்.

பிசைந்த கை நின்றது. "தலையை ஆட்டாதை, பிள்ளை. வாயாலை சொல்லு."

"போட்டனான், பப்பா."

உண்மையைத்தான் சொன்னேன். சீப்புக்கு நேரே புள்ளடி போட்டு, கீழே அவருடைய வேட்பாளர் இலக்கத்துக்கும் போட்டிருந்தேன். ஆனாலும் பொய் சொல்லி அகப்பட்டவளைப் போல என் முகம் எரிந்தது. சந்தையில் அத்தனை பேரையும் நம்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவர், நான் சொல்லி முடித்த பிறகும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.