கண்டக்டர் நொண்டிய கதை

ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்றே காலம் தள்ளியவர் எங்கள் கண்டக்டர். வேலை போய்விட்டது, பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகு மாடி வீட்டுக் கட்டில்தான் அவருக்கு உலகம். மனைவி தையல் கம்பெனிக்குக் கிளம்பும்போது கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போவாள். எழுந்து நிற்கவே முடியாத மனுஷனுக்குப் பூட்டு எதற்கு?

அவளுடைய லீவு நாளில் ஆஸ்பத்திரிக்குத் தாங்கிப் பிடித்து அழைத்துப் போவாள். அங்கே குப்புறப் படுக்கவைத்து, முதுகுத்தண்டின் மேல் நரம்பைத் தூண்டும் காந்தச் சுருளை வைப்பார்கள். டக் டக்கென்று சத்தம் வரும். செத்துக்கிடந்த கால் தானாகத் துள்ளும். பிறகு தெரபிஸ்ட் பெண் கம்பியைப் பிடித்து நடக்கச் சொல்வாள். சும்மா சொல்லக் கூடாது, கால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்ன பேச்சைக் கேட்டது. ஆனால் படி இறங்கும் அளவுக்கு இன்னும் தேறவில்லை. யார் தோளையும் பிடிக்காமல் தெருமுனை டீக்கடைக்குப் போய்வர வேண்டும், அந்த ஒரே ஆசையில்தான் அவர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் சாயங்காலம் மனைவியை அசத்த நினைத்து, சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தார். மாடிப்படி விளிம்பில் கால்களை அகட்டி நின்றார். பஸ் புத்தி, கைப்பிடியைத் தொடக்கூட இல்லை. வேலை முடிந்து வந்தவள் கீழேயிருந்து பார்த்துவிட்டு, பையைப் போட்டுவிட்டு மேலே ஓடிவந்தாள்.

மறுநாள் வெளியே பூட்டு விழுந்தது.

"திறந்து வச்சுட்டுப் போயேன்," என்றார் உள்ளேயிருந்து.

"நீங்க விழுந்தா நான் எங்க போவேன்? நடக்க முடியாம இருந்தப்போ நிம்மதியா வேலைக்குப் போனேங்க."

அழுதுகொண்டேதான் சொன்னாள். அவருக்கோ ஆத்திரமான ஆத்திரம். பகலெல்லாம் கதவை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. கால் மறுபடி முடங்கினால் பூட்டு போய்விடுமே. அன்றிலிருந்து அவள் கண்ணெதிரே காலை இழுத்து இழுத்து நடந்தார். தனியாக இருக்கும்போது ஒழுங்காக நடந்து பழகினார். நடிப்பு என்னவோ பிரமாதம். பூட்டும் போனது.

ஆனால் ஆஸ்பத்திரிக்கு அவளும்தானே கூட வருகிறாள். அங்கேயும் நடிக்க வேண்டியதாயிற்று.

தெரபிஸ்ட் நடக்கவிட்டுப் பார்த்தாள். மறுபடியும் நடக்கச் சொன்னாள். முகம் வாடிவிட்டது.

"சிலருக்கு இது கேக்கறதில்லைங்க. இனிமே காந்தம் வேண்டாம், நிறுத்திடலாம்."

உண்மை அவருக்கு வாய்வரை வந்துவிட்டது. பக்கத்தில் மனைவி, அவர் விழுந்துவிடக் கூடாதென்று கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"சரிம்மா," என்று சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டே வெளியே வந்தார் கண்டக்டர்.